கர்ப்பப்பை வாய்ப் புற்று: பரவலும் மரபணு அடையாளமும்



நோயாளியின் முகத்தை அபூர்வமாகவும், அவர் உடலினின்று எடுத்த திசுவை அன்றாடமும் கண்டு பழகிய நோய்க்குறியியல் துறையைச் சேர்ந்த ஒருவனை இம்மேடைக்கு அழைத்து, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைப் பற்றிப் பேசப் பணித்திருக்கிறீர்கள். அந்நோய் எதனால் வருகிறது என்பதைக் காட்டிலும், வந்த நோய் தான் பிறந்த இடத்தை விட்டு எப்படி வெளியேறுகிறது, வெளியேறப்போவதை அதன் மரபணுக்களிலிருந்து முன்கூட்டி அறிய இயலுமா என்பதைப் பற்றிப் பேசுவதே பொருத்தம் என்று தீர்மானித்தேன். காரணத்தைப் பற்றியும் தடுப்பூசியைப் பற்றியும் எடுத்துரைக்க வல்லவர் பலர் இருக்கின்றனர். பரவலைப் பற்றிப் பொது மேடையில் பேசுவார் அரியர். ஆயினும், இந்நோய் கண்ட பெண்ணின் ஆயுளைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது அந்தப் பரவலே.

இந்நோய் பரவும் முறையில் ஒரு விசேஷம் உண்டு. முதலில் அது அக்கம்பக்கத்தை ஆக்கிரமிக்கிறது. கர்ப்பப்பையின் இரு மருங்கிலும் உள்ள திசுக்களுக்குள் ஊடுருவி, அவ்வழியே இறங்கிவரும் சிறுநீர்க் குழாய்களை நெரித்து, தொலைவில் இருக்கும் உறுப்பு எதையும் தொடாமலேயே சிறுநீரகங்களைச் செயலிழக்கச் செய்து உயிரைக் கவர்ந்துவிடுவதும் உண்டு. அடுத்தது நிணநீர் வழி. இடுப்புக் கூட்டினுள் பெரிய இரத்தக் குழாய்களை ஒட்டி அமைந்த நிணநீர்க் கணுக்களில் தொடங்கி, வயிற்றுப் பெருந்தமனியின் பக்கத்துக் கணுக்களுக்கு ஏறி, சில வேளைகளில் இடது கழுத்தெலும்புக்கு மேல் ஒரு முடிச்சாகவே வெளிப்படும். இரத்த வழியாக நுரையீரலையும் கல்லீரலையும் எலும்பையும் அடைவது பெரும்பாலும் பிந்திய நிகழ்ச்சி. கணுக்களுக்கு இருக்கும் இந்த முக்கியத்துவத்தை உணர்ந்துதான், மகப்பேறு மற்றும் பெண்நோய் மருத்துவர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு 2018இல் தன் நிலைப்பகுப்பைத் திருத்தியபோது, கட்டி சிறியதேயாயினும் கணுவில் நோய் இருக்குமானால் அதை மூன்றாம் நிலையிலேயே சேர்க்க வேண்டுமென்று விதித்தது.

ஒரு கணுவை நுண்ணோக்கியில் எப்படிக் காண்கிறோம் என்பதை மருத்துவரல்லாதார்க்குச் சற்றே விவரிக்கிறேன். மெழுகில் பதித்து, நான்கு மைக்ரான் கனத்தில் சீவி, ஹெமடாக்சிலினும் இயோசினும் ஏற்றிய அந்தத் துண்டு, முதற்பார்வைக்கு நெருங்கி நிறைந்த நீலப் புள்ளிகளின் பரப்பாகவே தெரியும். அவையெல்லாம் நிணநீர் அணுக்கள், ஒன்றைப் போல் ஒன்று. கணுவின் மேலுறையை ஒட்டி ஓடும் குறுகிய இடைவெளியைச் சுற்றிச் சுற்றித் தேடிக்கொண்டே போனால், எங்கேனும் ஓரிடத்தில், அளவிற் பெரியனவும் கோணல்மாணலான உட்கரு உடையனவுமாகிய பத்துப் பன்னிரண்டு அணுக்கள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, அந்நியராய் நிற்கும். அவ்வளவே. ஆனால் அந்தப் பத்துப் பன்னிரண்டு அணுக்களால் சிகிச்சையின் போக்கே மாறிவிடுகிறது.

எப்படி மாறுகிறது என்பதையும் சொல்லவேண்டும். 1898இல் வியன்னா நகரில் எர்ன்ஸ்ட் வெர்ட்ஹைம் தொடங்கிவைத்த பெரும் அறுவைச் சிகிச்சை, கர்ப்பப்பையைச் சுற்றுத் திசுக்களோடும் கணுக்களோடும் அகற்றுவது, ஆரம்ப நிலையினர்க்கு இன்றும் செய்யப்படுகிறது. முற்றிய நிலையினர்க்குக் கதிர்வீச்சும் அதனுடன் சிஸ்பிளாட்டின் மருந்தும். கதிர்வீச்சை நம் ஊர்ப் பெண்கள் ‘கரண்ட் வைப்பது’ என்பார்கள். தொல்லை எங்கே நேர்கிறதென்றால், ஆரம்ப நிலை என்று நம்பி அறுவை செய்து முடித்து, பத்து நாள் கழித்து எங்கள் அறிக்கையில் கணுவில் நோய் என்று வந்துவிட்டால், அறுவையின் மேல் கரண்டும் வைத்தாக வேண்டியிருக்கிறது. குடலும் சிறுநீர்ப்பையும் இரண்டின் தீங்கையும் சேர்த்துத் தாங்க வேண்டும், காலில் நீர் கோத்து வீங்குவதும் கூடுதலாகிறது. எம்.ஆர்.ஐ., பெட் ஸ்கேன் முதலிய படங்கள் உதவுகின்றன என்றாலும், நான் மேலே சொன்ன பத்துப் பன்னிரண்டு அணுக்கள் எந்தப் படத்திலும் தென்படுவதில்லை. ஆகவே, நோயை உறுதி செய்ய முதன்முதல் சிறு சதை எடுத்துப் பார்க்கிறோமே, அந்தச் சதையின் மரபணுக்களைப் படித்தே கணுவின் கதியைச் சொல்லிவிட முடியுமானால், அநாவசியமான ஓர் அறுவையையோ அநாவசியமான ஒரு கதிர்வீச்சையோ தவிர்த்துவிடலாம். மரபணு அடையாளங்களைத் தேடும் ஆர்வத்திற்கு மூலகாரணம் இதுதான். வெறும் ஞானதாகம் அன்று.

இந்தப் புற்று, பிற புற்றுக்கள் பலவற்றைப் போலன்றி, ஏறத்தாழ எல்லா நோயாளிகளிடத்திலும் ஒரே வகைக் காரணத்தினின்று பிறப்பது. 1842இல் இத்தாலியின் வெரோனா நகரத்து மரணக் குறிப்பேடுகளை ஆராய்ந்த ரிகோனி-ஸ்டெர்ன் என்பார், மணமான ஸ்திரீகளிடையே காணும் கர்ப்பப்பைப் புற்று கன்னித் துறவியரிடையே அரிது என்று குறித்ததிலிருந்து, 1983, 1984 ஆண்டுகளில் ஜெர்மனியில் ஹரால்ட் சுர் ஹௌசனும் அவருடைய மாணாக்கரும் கட்டிகளினின்றே மனிதப் பாப்பிலோமா வைரஸின் 16ஆம், 18ஆம் வகைகளைப் பிரித்தெடுத்தது வரை நீளும் அந்தச் சரித்திரத்தை இங்கே விரிக்க அவகாசமில்லை. 2008இல் சுர் ஹௌசனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவ்விரு வகைகளும் உலகின் கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்களில் நூற்றுக்கு 70க்குக் காரணம் என்பது இன்று பாடப்புத்தகச் செய்தி.

அந்த வைரஸின் மரபுச் செய்தி முழுவதும் ஏறக்குறைய 7,900 எழுத்துக்கள். வட்டமாய் மூடிய ஒரு சிறு இழை. நம்முடைய செய்தியோ முந்நூறு கோடி எழுத்துக்கள். அச்சிறு இழையில் உள்ள இ6, இ7 என்னும் இரண்டு மரபணுக்களே கேட்டிற்கெல்லாம் மூலம். இ6 ஆக்கும் புரதம், பழுதுபட்ட அணுவைப் பெருகவிடாமல் தடுப்பதாகிய பி53 புரதத்தை அழியச் செய்கிறது. இ7 ஆக்குவது, அணுப்பிரிவைக் கட்டுப்படுத்தும் ஆர்பி புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. இவ்விரண்டையும் அடக்கி வைப்பதற்கு வைரஸிடமே இ2 என்னும் மற்றொரு மரபணு உண்டு. பல பெண்களிடத்தில் வைரஸ் வந்து, ஒன்றிரண்டு ஆண்டுகளில் உடலின் எதிர்ப்புச் சக்தியால் தானாகவே மறைந்துவிடுகிறது. மறையாமல் தங்கிய இடத்தில், வட்டமாய் மூடியிருந்த அந்த இழை எங்கோ அறுந்து, மனித குரோமோசோம் ஒன்றினுள் செருகிக்கொள்ளும்போது, அறுபடுவது பெரும்பாலும் இ2 இருக்கும் பகுதியாகவே அமைந்துவிடுகிறது. அடக்குவது போய், அடக்கப்பட்டிருந்தவை இரண்டும் தளையின்றி வேலை செய்யத் தொடங்குகின்றன.

இந்தச் செருகலின் வலிமைக்கு மிகவும் பிரசித்தமான உதாரணம் ஹென்றியெட்டா லாக்ஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி. 1951இன் தொடக்கத்தில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அவருடைய கர்ப்பப்பை வாயில் கட்டி கண்டறியப்பட்டது. ரேடியம் வைத்துச் சிகிச்சை நடந்தது. அவ்வாண்டு அக்டோபர் 4ஆம் நாள், 31ஆம் வயதில், நோய் உடலெங்கும் பரவி அவர் இறந்தார். சிகிச்சையின்போது அவரைக் கேளாமலே எடுத்த சதைத் துணுக்கு ஜார்ஜ் கை என்பாரின் ஆய்வுக்கூடத்துக்குப் போயிற்று. குப்பியில் ஓயாமல் பெருகிக்கொண்டே இருந்த முதல் மனித அணுவரிசை அது. இன்று உலகத்து ஆய்வுக்கூடங்களில் எல்லாம் ஹீலா என்ற பெயரில் வாழ்வது அவ்வணுக்களே. அவற்றை நுணுகிப் பார்த்தவர்கள் கண்டது, 18ஆம் வகை வைரஸின் துண்டு எட்டாம் குரோமோசோமில், மிக் என்னும் பெருக்க மரபணுவுக்குச் சுமார் ஐந்து லட்சம் எழுத்துக்கள் தள்ளி, செருகியிருக்கிறது என்பது. அவ்வளவு தொலைவிலிருந்தே அது மிக்கைத் தூண்டிக்கொண்டிருக்கிறது. எட்டு மாதத்தில் உயிரைக் கொண்டுபோன அந்த நோயின் வேகத்திற்கு இத்தற்செயல் ஒரு பங்காவது காரணமாக இருந்திருக்கும் என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய அபிப்பிராயம்.

ஆனால் வைரஸ் அணுவைப் பெருகச் செய்கிறதே ஒழிய, பெருகும் அணுவெல்லாம் பயணம் புறப்பட்டுவிடுவதில்லை. புறப்படுவதற்கு மேலும் மாறுதல்கள் தேவைப்படுகின்றன. அவற்றுள்தான் பரவலின் அடையாளங்களைத் தேடுகிறோம். மூன்றாம் குரோமோசோமின் நீண்ட கரம் மிகுதிப்படுதல், முற்றிய முன்புற்று ஊடுருவும் புற்றாக மாறும் கட்டத்தில் மீண்டும் மீண்டும் காணப்படுவதை 1996லேயே காட்டினார்கள். அணுக்களை ஒன்றோடொன்று பிணைத்து வைக்கும் இ-கேதரின் குறைதல், நிணநீர் நாளங்களை வளரத் தூண்டும் விஇஜிஎஃப்-சி மிகுதல், மிர்-200ஏ போன்ற நுண் ஆர்என்ஏக்களின் அளவு மாறுதல், எச்எல்ஏ மரபணுக்கள் சிதைந்து எதிர்ப்புச் சக்தியின் கண்ணுக்கு அணு புலப்படாமற் போதல் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. 2017இல் வெளியான அமெரிக்கப் புற்றுநோய் மரபுத்தொகுதித் திட்டத்தின் ஆய்வு 228 கட்டிகளை எடுத்துக்கொண்டு, அடிக்கடி சிதையும் பதினான்கு மரபணுக்களைப் பெயர் சொல்லிற்று. ஏறத்தாழ நான்கு கட்டிகளுக்கு ஒன்றில் பிஐகே3சிஏ என்னும் மரபணு மாறியிருந்தது. 18ஆம் வகை வைரஸ் கொண்ட கட்டிகள் அனைத்திலும், 16ஆம் வகை கொண்டவற்றில் நூற்றுக்கு 76இலும் வைரஸ் குரோமோசோமில் செருகியிருந்தது.

இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் எடுத்து நிதானமாகப் பார்ப்போம். மற்றவற்றின் நிலையும் அதிலிருந்து விளங்கும். எஸ்டிகே11 என்பது, அணுவின் சக்தி இருப்பைக் கணித்து, இருப்புக் குறைந்தால் வளர்ச்சியை நிறுத்திவைக்கும் ஒரு மரபணு. அது பிறவியிலேயே குறையுற்ற, பூட்ஸ்-ஜெகர்ஸ் என்னும் பரம்பரை நோயுள்ள குடும்பங்களில், உதட்டில் கருநிறப் புள்ளிகளும் குடலில் முளைகளும் தோன்றுவதோடு, பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் ஓர் அரிய சுரப்பிப் புற்றும் வருவதுண்டு. 2009இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர், சாதாரணக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்களிலும் ஐந்தில் ஒன்றிலாவது இம்மரபணு கெட்டிருக்கிறது என்றும், கெட்டிருந்தவர்களின் இடைநிலை ஆயுள் 13 மாதம், கெடாதவர்களுக்கோ 100 மாதத்துக்கும் மேல் என்றும் அறிவித்தார்கள். இவ்வளவு தெளிவான வேற்றுமை மருத்துவத்தில் அபூர்வம். ஹீலா அணுக்களிலும் இம்மரபணு ஆக்கும் புரதம் இல்லை என்பது அனைவரும் அறிந்ததாதலால், கதை பரிபூரணமாகிவிட்டது போலத் தோன்றிற்று. ஆனால் எட்டு ஆண்டுக்குப் பின் வந்த மேற்படி பெருந்திட்டத்தின் பதினான்கு பெயர்களில் எஸ்டிகே11 இல்லை.

இரு சாராரில் ஒருவர் பிழை செய்தார் என்று நாம் அவசரப்பட வேண்டியதில்லை. இம்மரபணு சில எழுத்துக்கள் மாறிக் கெடுவது குறைவு. பெரிய துண்டாகவே காணாமற் போய்விடுவது மிகுதி. எழுத்தெழுத்தாகப் படிக்கும் சாதாரண முறைக்கு, இரண்டு பிரதிகளில் ஒன்று மாயமானது புலப்படாது, எஞ்சிய பிரதி ஒழுங்காகவே படிக்கப்பட்டுவிடும். அதற்கென்று தனி உபாயம் வைத்துத் தேடினால்தான் அகப்படும். சதைத் துணுக்கில் புற்றணுக்களோடு நல்ல அணுக்களும் கலந்திருப்பது இந்த மயக்கத்தை இன்னும் பெருக்கிவிடுகிறது. இந்நோயின் இரு வகைகளாகிய தட்டையணுப் புற்றையும் சுரப்பிப் புற்றையும் ஒரே கணக்கில் சேர்த்தோமா, ஆரம்ப நிலையினரை மட்டும் எடுத்தோமா, முற்றியோரையும் எடுத்தோமா என்பதற்கேற்பவும் விடை மாறும். சில பத்து நோயாளிகளை வைத்துக்கொண்டு பல்லாயிரம் மரபணுக்களை ஒரே சமயத்தில் அளந்தால், கணுவில் நோய் உள்ளாரையும் இல்லாரையும் பிரித்துக் காட்டுவனவாகச் சில மரபணுக்கள் தற்செயலாகவே வந்து நிற்கும் என்பது எளிய புள்ளியியல். கணுப்பரவலை முன்னுரைக்கும் என்று ஒரு குழு தந்த பட்டியலும் மற்றொரு குழுவின் பட்டியலும் பெரும்பாலும் ஒத்துப்போகாததற்கு இதுவே தலையாய காரணம் என்பது என் அபிப்பிராயம்.

வேறொரு காரணமும் உண்டு. 1889இல் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புக்களை ஆராய்ந்து, விதை எங்கும் சிதறினாலும் தனக்கேற்ற மண்ணில்தான் முளைக்கும் என்ற கருத்தை வெளியிட்டார். நாம் முதற்கட்டியின் மரபணுக்களை ஆராயும்போது விதையை மட்டுமே ஆராய்கிறோம். அது போய்ச் சேரும் கணுவின் நிலையையோ, அப்பெண்ணின் எதிர்ப்புச் சக்தியையோ ஆராய்வதில்லை. 2020இல் உகாண்டா நாட்டு நோயாளிகளின் கட்டிகளை ஆராய்ந்து வெளியிட்ட மரபுத்தொகுதி ஆய்வு இவ்விஷயத்தில் கவனத்துக்குரியது. எச்ஐவி தொற்று உள்ளவர்களும் இல்லாதவர்களுமாகிய அந்தப் பெண்களிடையே, கட்டிகளைத் தெளிவாக இரண்டாகப் பிரித்தது வைரஸின் கிளைதான். 16ஆம் வகையைச் சேர்ந்த கிளையும் 18ஆம் வகையைச் சேர்ந்த கிளையும், மனித மரபணுக்களை இயக்கும் முறையிலேயே வேறுபட்டிருந்தன.

ஆகவே சுற்றிச் சுற்றி மீண்டும் வைரஸிடமே வந்து சேர்கிறோம். நான் இன்று முக்கியமாய்ச் சொல்ல விரும்புவதும் அதுதான். பரவலின் அடையாளங்கள் என்று நாம் தேடும் மனித மரபணு மாறுதல்கள் கட்டிக்குக் கட்டியும், ஒரே கட்டியின் பகுதிக்குப் பகுதியும் வேறுபடுகின்றன. ஆனால் எவ்வளவு தூரம் போனாலும் அப்புற்றணு கைவிடாத உடைமை இ6, இ7 இரண்டும். 2000ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தில் குட்வின், டிமையோ என்னும் இருவர், ஹீலா அணுக்களுக்குள் இ2 மரபணுவைப் புகுத்திப் பார்த்தார்கள். அரை நூற்றாண்டு காலம் குப்பிகளில் பெருகி, குரோமோசோம்கள் எல்லாம் தாறுமாறாகிப்போன அவ்வணுக்களில் இ6, இ7 அடங்கியதும், செத்துவிட்டதாக நாம் நினைத்திருந்த பி53, ஆர்பி வழிகள் ஒழுங்காக உயிர்பெற்று எழுந்தன. அணுக்கள் பெருகுவதை நிறுத்தி முதுமை எய்தின. இத்தனை மாறுதல்களுக்குப் பின்னும் அணு தன் ஆதி காரணத்தையே நம்பி வாழ்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இதிலிருந்து ஒரு நடைமுறைப் பிரயோஜனம் பிறக்கிறது. வைரஸ் இழையும் மனித குரோமோசோமும் சந்திக்கும் அந்த இணைப்பின் எழுத்து வரிசை ஒவ்வொரு நோயாளிக்கும் பிரத்தியேகமானது. ஒருத்தியின் கட்டியில் உள்ளது மற்றொருத்தியிடம் இராது. செருகல் ஆதியிலேயே நிகழ்ந்துவிடுவதால், அக்கட்டியினின்று பிரிந்து சென்ற அணுக்களும் அதைச் சுமந்தே செல்லும். மடியும் புற்றணுக்கள் தம் இழைத் துணுக்குகளை இரத்தத்தில் விடுகின்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2012இல் பாரிஸ் நகரத்து க்யூரி நிறுவனத்தார், நோயாளிகளின் இரத்தத்தில் இந்த இணைப்பு வரிசையையே தேடிக் கண்டு, கட்டியின் இழை இரத்தத்தில் உலவுவதற்கு அது நம்பத்தகுந்த அடையாளம் என்று காட்டினார்கள். கணுவில் நோய் பரவுமா என்று ஜோசியம் கேட்பதைக் காட்டிலும், சிகிச்சை முடிந்த பெண்ணின் இரத்தத்தில் அந்த வரிசை இன்னும் இருக்கிறதா என்று கேட்பது விடையிறுக்கத் தக்க கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. செருகல் இல்லாத கட்டிகளும் உண்டு, வைரஸே இல்லாத சுரப்பிப் புற்றுக்களும் சில உண்டு. அவற்றுக்கு வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, நம் நாட்டில் இதற்கெல்லாம் இடமெங்கே என்று சிலர் வினவலாம். நியாயமான வினா. 2022ஆம் ஆண்டுக்கான உலகக் கணிப்பின்படி இந்தியாவில் புதிதாக இந்நோய் கண்டவர் சுமார் 1,27,000 பேர். இறந்தவர் ஏறக்குறைய 80,000. திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு நடந்து 2007இல் வெளியான ஆய்வை இவ்விடத்தில் நினைவூட்டுவது என் கடமை. 114 ஊராட்சிகளில் சரிபாதியில், 30 முதல் 59 வயதுப் பெண்களின் கர்ப்பப்பை வாயில் நான்கு சதவீத அசிட்டிக் அமிலத்தை, அதாவது ஏறத்தாழச் சமையலறைக் காடியைத் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்து, வெளுத்துத் தோன்றும் இடம் உண்டா என்று பயிற்சி பெற்ற செவிலியர் வெறுங்கண்ணால் பார்த்தார்கள். வெளுத்திருந்தவர்களுக்குப் பெரும்பாலும் அதே வருகையில் உறைகுளிர் சிகிச்சையும் செய்தார்கள். இப்படி ஒரே ஒரு தடவை பார்த்ததில், நோய் நூற்றுக்கு 25ம், மரணம் நூற்றுக்கு 35ம் குறைந்தன. எந்த மரபணு அடையாளமும் இன்றளவும் இவ்வளவு உயிர்களைக் காத்ததில்லை என்பதை, மரபணுவைப் பற்றிப் பேச வந்த நானே ஒப்புக்கொள்ளத் தயங்கவில்லை.

ஆனால் அந்த அமிலத்துளி எட்டாத பெண்கள், கட்டி வெளிப்பட்ட பின்னரே வருபவர்கள், அடையாற்றிலும் மதுரையிலும் பிற ஊர்களிலும் உள்ள மருத்துவமனைத் தாழ்வாரங்களில் இன்றும் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு உதவக்கூடியது, பரவிய நோயைப் பற்றிய அறிவு. அவ்வறிவை ஆக்குவதற்கு வேண்டிய மூலப்பொருள் நம்மிடம் ஏராளம்: நம் நோய்க்குறியியல் துறைகளின் அலமாரிகளில் முதற்கட்டியும் அதே பெண்ணின் கணுவுமாக மெழுகுக் கட்டிகள் ஆண்டாண்டாய் அடுக்கியிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு, அப்பெண் பின்னர் என்ன ஆனார் என்ற குறிப்பு ஒட்டப்பட்டிராது. கட்டியையும் கணுவையும் வாழ்க்கைக் குறிப்பையும் இணைத்து வைக்க, விலையுயர்ந்த இயந்திரம் தேவையில்லை. ஒரு பதிவேடும் அதைத் தொடர்ந்து எழுத ஓர் எழுத்தரும் போதும். இளைஞர்கள் முதலில் இந்த வேலையை எடுத்துக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

எடுத்துக்கொள்ளும்போது ஹென்றியெட்டா லாக்ஸ் குடும்பத்தாருக்கு நேர்ந்ததையும் மறக்கலாகாது. 2013 மார்ச்சில் ஹீலாவின் முழு மரபுத்தொகுதி அவர்களைக் கேளாமலே வெளியிடப்பட்டு, ஆட்சேபத்தின்பின் விலக்கிக்கொள்ளப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களோடு ஏற்பட்ட உடன்பாட்டின்படி, அச்செய்தியைப் பார்க்க அனுமதி வழங்கும் குழுவில் அக்குடும்பத்தவர் இருவர் இடம் பெற்றனர். நம்மிடம் வரும் பெண்ணோ, மரபணு என்ற சொல்லைக் கேட்டதும், தன் நோய் மகளுக்கும் இறங்குமோ என்றுதான் முதலில் அஞ்சுவாள். கட்டியில் பின்னர் நேர்ந்த மாறுதல்கள் மகளுக்கு இறங்குவதில்லை. வைரஸின் செருகலும் இறங்குவதில்லை. எஸ்டிகே11 போன்ற சில மட்டும், பிறவியிலேயே குறையிருக்குமானால், இறங்கக்கூடும். இந்த மூன்றையும் அவளுக்கு விளங்கும் தமிழில் சொல்லி, அப்படி ஏதேனும் தென்பட்டால் தெரிவிக்கட்டுமா வேண்டாமா என்றும், தெரிவிப்பதானால் யாரிடம் என்றும் கேட்டு, அவள் சொல்லும் விடையைப் படிவத்தில் எழுதிக்கொண்ட பிறகே சதை எடுக்க வேண்டும். மயக்கம் தெளியாதவளிடம் கைநாட்டு வாங்குவது அதற்கு ஈடாகாது.